பழைய சாமானும் அமானிதமும்

மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "ஹஜ்ரத், முன் போர்க்கைப் பிரித்து வேலை செய்யும்போது கழற்றிய பழைய சாமான்களையே திரும்பப் போட்டு விடுகிறோம். அந்தக் கூலி ஹலாலா?"

உடனே பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. தொழிலை அறியாமல் தொழிலாளிக்குச் சட்டம் சொல்லக் கூடாதல்லவா? எனவே அவருடைய பட்டறைக்கே போய் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பார்த்தோம்.

முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கி நிற்பவை இரண்டு கால்கள். ஒவ்வொன்றிலும் குரோமியம் பூசிய ஓர் எஃகுக் குழாய், கீழேயுள்ள அலுமினிய உறைக்குள் ஏறி இறங்குகிறது. உள்ளே நீண்ட ஸ்பிரிங்கும் அளவாக ஊற்றிய எண்ணெயும் உண்டு. சக்கரம் பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக் கொள்கிறது. எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருங்கிப் பாய்ந்து அதன் துள்ளலை அடக்குகிறது. அந்த எண்ணெய் வெளியே கசியாமல் குழாயைச் சுற்றிப் பிடித்திருப்பது ஆயில் சீல் எனும் ரப்பர் வளையம். உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். தம்பியின் கேள்வியில் பாதி அதில்தான் இருந்தது.

பழையதைத் திரும்பப் பயன்படுத்துவது இழிவன்று. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக் கொண்டவர்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். செத்த பிராணியாயிற்றே என்று சொன்னபோது, அதை உண்பதுதான் ஹராம் என விளக்கினார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாசகர்களுக்குத் தோல் பதனிடுவதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆட்டில் தோல் பதப்படும், இறைச்சி பதப்படாது.

பட்டறையில் நாம் கண்டதும் அதுவேதான். அலுமினிய உறையைக் கழுவித் துடைத்தால் மீண்டும் உழைக்கும. ஸ்பிரிங்கை அளந்து பார்த்து, தயாரித்தவர்கள் குறித்த நீளத்துக்குக் குறையாமல் இருந்தால் அதுவே போதும். அடி போல்ட்டிலுள்ள செம்பு வாஷரைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் இளகிப் பணி செய்யும். குழாயில் துருப் புள்ளிகள் இருந்தால், அவை சீல் தொடாத மேற்பகுதியில் இருக்கும்வரை தீங்கில்லை. சீல் உரசும் இடத்தில் இருந்தாலோ, புதுச் சீலையும் கிழித்துவிடும். இவையெல்லாம் தோலைப் போன்றவை; பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டியவை. உதடு தேய்ந்த சீலும், உலோகத் தூள் கலந்து கறுத்த எண்ணெயும் இறைச்சியைப் போன்றவை.

ஆனால் அந்தச் சீலையும் உயிர்ப்பிக்க ஒரு தந்திரம் உண்டாம். அதன் உதட்டைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதில் சிறிது வெட்டி முடிந்துவிட்டால் வளையம் இறுகிப் பிடிக்கும். வண்டிக்காரர் வந்து பார்க்கும்போது குழாய் உலர்ந்திருக்கும். புதுச் சீலுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். சில வாரங்களில் எண்ணெய் கசியத் தொடங்கும். டிஸ்க் பிரேக் வண்டியானால் அந்த எண்ணெய் வழிந்து தகட்டில் படியவும் கூடும். பிறகு பிரேக்கை அழுத்தினாலும் வண்டி நிற்காது.

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த செய்தியை அறியாதவர் நம்மில் இல்லை. மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அவர் சொன்னது பொய்யன்று. அவர் தண்ணீர் தெளிக்கவில்லை. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காததுதான் குற்றமாயிற்று. சீலைத் தேய்த்தது மெக்கானிக் அல்ல, சாலை. அதற்காக அவரை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அவருடைய குவியல் இரும்புக் குழாய்க்குள் இருக்கிறது. கைவிட்டுப் பார்க்க வண்டிக்காரரால் ஆகாது.

இதுவரை தம்பி தலையாட்டிக் கொண்டே வந்தார். பிறகு மூலையில் நின்ற ஒரு வண்டியைக் காட்டினார். விபத்தில் அடிபட்டது. குழாய் வளைந்து, வளைவின் உட்புறம் மடிப்பு விழுந்து, குரோமியம் விரிந்திருந்தது. "இவர் ஏழை, ஹஜ்ரத். நான் எதையும் மறைக்கவில்லை. பிரஸ்ஸில் கொடுத்து நிமிர்த்தியே போடு, பயப்படாதே என்று அவரே சொல்கிறார். உடையவரே சம்மதித்த பிறகு என்மேல் என்ன பாவம்?"

கேள்வியின் மறுபாதி இது. உண்மையைச் சொல்லிவிட்டால் பொறுப்புத் தீர்ந்ததா? தீரவில்லை என்றே நமக்குப் படுகிறது. மடிப்பு விழுந்த எஃகை நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகும், பலம் திரும்பாது. அவர் தம் உயிருக்குச் சம்மதம் சொல்கிறார் என்றே வைத்துக் கொள்வோம், அதற்கும் அவருக்கு உரிமை இல்லை என்பது வேறு விஷயம். பின்னால் உட்காரும் மனைவி சம்மதித்தாரா? பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்த்தி வைக்கும் பிள்ளை சம்மதித்ததா? சாலையைக் கடக்கும் வழிப்போக்கரை யார் கேட்டார்கள்? பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற நபிமொழியின் விதி, ஒருவருடைய கையெழுத்தால் நீங்கிவிடாது. அந்தக் குழாயைப் போடக் கூடாது, கெஞ்சினாலும் கூடாது என்றோம்.

"நான் மாட்டேன் என்றால் அடுத்த தெருவில் செய்து கொடுப்பார்கள். கூலி போகும், அவரும் அதே குழாயில்தான் ஓட்டுவார்" என்றார் தம்பி. அதுவும் உண்மைதான். மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிது என்பதை நாம் உணராமல் இல்லை. ரிஜ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட மனம் வரவில்லை. வேறு வழி உண்டா என்று கேட்டோம். சற்று யோசித்து, சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் சாமான் கிடைக்கும், முறையாக வந்ததுதானா என்று விசாரித்து நல்ல குழாயாகப் பார்த்து வாங்கலாம் என்றார். கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடுமாம். பழைய சாமானைப் பற்றிச் சந்தேகம் கேட்டு வந்தவர், பழைய சாமானிலேயே விடையைக் கண்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேவையில்லாமல் ஸ்பிரிங், புஷ் எல்லாவற்றையும் மாற்றிப் பில்லை நீட்டுவோரும் உண்டு. புதியதைத்தானே போட்டோம் என்பார்கள். அறியாதவர் பணத்தை வீண்விரயம் செய்வதும் மோசடியே. கழற்றிய பழையது யாருக்குச் சொந்தம் என்று தம்பியைக் கேட்டபோது சிரித்தார். பழைய இரும்புக் கடைக்குப் போகுமாம். அது வண்டிக்காரரின் உடைமை. வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகே பட்டறைக்கு உரியது.

நாம் புறப்படும் வேளையில் வேறொருவர் வண்டி எடுக்க வந்தார். சீல் இரண்டும் புதிது, எண்ணெய் புதிது, ஸ்பிரிங் பழையதே, அளந்து பார்த்தேன் என்று சொல்லி, தேய்ந்த சீல்களைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார் தம்பி. "இதை நான் என்ன செய்ய?" என்றார் அவர். ஆனாலும் வாங்கிப் பையில் போட்டுக் கொண்டார். அந்த ஏழைச் சகோதரரின் வண்டி முன்சக்கரம் இல்லாமல் கல்லின்மேல் நின்று கொண்டிருந்தது.