ராணிக்கு எட்டாத எட்டுக் கட்டங்கள்

சதுரங்கப் பலகையின் நடுவில் ராணியை வைத்து, அதைச் சுற்றி இரண்டு கட்டத் தொலைவுக்குள் உள்ள கட்டங்களை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 24. அவற்றில் 16-ஐ ராணி தொடும், 8-ஐத் தொடாது. ராணியை எடுத்துவிட்டு அதே இடத்தில் குதிரையை நிறுத்தினால், அது தாவக்கூடியவை சரியாக அந்த 8 கட்டங்கள்தாம். யானையின் நேர்வழியும் மந்திரியின் சாய்வழியும் ராணியின் நடைக்குள் அடக்கம். குதிரையின் தாவல் மட்டும் அதற்கு வாய்க்கவில்லை. இந்தச் சின்னக் கணக்குக்குள் ஒரு பழைய தத்துவக் கேள்வி இருக்கிறது. ஒரு பொருளின் ஆற்றல் அதற்குள்ளேயே குடியிருக்கிறதா, இன்னொன்றோடு சேரும்போது பிறக்கிறதா? சேர்க்கையில்தான் பிறக்கிறது என்பேன்.

ஆட்டம் கற்றுத் தரும் நூல்கள் ராணிக்கு 9 என்றும், குதிரைக்கும் மந்திரிக்கும் 3 என்றும் மதிப்புப் போடுகின்றன. கோட்டை கட்டி ஜி8-இல் அமர்ந்திருக்கும் கறுப்பு ராஜாவிடம் இந்த மதிப்பைச் சோதிக்கலாம். பக்கத்தில் எஃப்8-இல் யானை, முன்னால் சிப்பாய்கள். வெள்ளை ராணி தனியாக எச்7 சிப்பாயை வெட்டினால், ஒரு கட்டம் மட்டுமே நகரத் தெரிந்த ராஜா அதை எடுத்துவிடுவார். ஜி5-இல் ஒரு குதிரை நின்றுவிட்டால் போதும், அதே ராணி அதே கட்டத்தில் வந்து நிற்பது செக்மேட். ராணியின் நடை மாறவில்லை, மதிப்பும் கூடவில்லை. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த கியூபாவின் கபபிளாங்கா, ராணியும் மந்திரியும் சேர்வதைவிட ராணியும் குதிரையும் சேர்வது பெரும்பாலும் வலிமையானது என்று கருதியதன் நியாயம் இங்கே புரியும். மந்திரி கொண்டுவரும் நடை ராணியிடம் ஏற்கெனவே இருக்கிறது. குதிரையோ இல்லாததைக் கொண்டுவருகிறது.

பின்னாளில் ஏராளமான ஆட்டங்களை எண்ணிப் பார்த்தவர்கள், இந்த இரண்டு ஜோடிகளுக்கும் வேறுபாடு மிகச் சொற்பம் என்றார்கள். வலுவான மறுப்புதான், அதை ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தைச் சாய்க்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. குதிரை என்ற இனத்துக்கே ராணியின் துணையாகும் தகுதி ஒட்டியிருந்தால், சராசரியிலும் அது பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், தகுதி காயில் இல்லை, இந்த ராஜாவுக்கு எதிரே இந்த நிலையில் அவை நிற்கும் விதத்தில் இருக்கிறது என்றாகிறது. வரலாறும் இதையே காட்டுகிறது. குதிரையின் நடை பழைய சதுரங்க காலத்திலிருந்து மாறவே இல்லை. இன்றைய ராணியின் இடத்தில் இருந்த காயோ ஒரு கட்டம் மட்டும் சாய்வாக நகர்ந்தது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஐரோப்பாவில் அதற்கு இன்றைய வீச்சு வந்தது. குதிரையால் ஆகக்கூடியதும் அதோடு மாறிவிட்டது, குதிரையைத் தொடாமலே.

காய்கள் வெறும் மரம், சேர்ப்பவர் ஆட்டக்காரர்தானே என்று கேட்கலாம். சைவ சித்தாந்தம் குடத்துக்கு மண்ணை முதற்காரணம் என்றும், சக்கரத்தையும் தண்டையும் துணைக்காரணம் என்றும், குயவரை நிமித்த காரணம் என்றும் பிரிக்கிறது. குயவர் இல்லாமல் குடம் இல்லை, சரி. ஆனால் வெறும் மணலைக் கொடுத்தால் எந்தக் குயவராலும் வனைய முடியாது. ஆட்டக்காரர் அந்த 8 கட்டங்களைக் கண்டுகொள்கிறார், உண்டாக்குவதில்லை. அதோடு, சதுரங்கத்தில் முதல் எது துணை எது என்பதே நிலையாக இல்லை. 1497-இல் ஸ்பெயினின் சலமன்காவில் அச்சான லூசெனாவின் நூலிலேயே இருக்கும் முடிவு இது. கறுப்பு ராஜா எச்8-இல். ஜி7, எச்7-இல் அவருடைய சிப்பாய்கள். எட்டாம் வரிசையில் தள்ளி அவருடைய யானை. வெள்ளைக் குதிரை எச்6-இல். ராணி நேராக ஜி8-க்குப் போய்த் தன்னைக் கொடுக்கிறது. குதிரையின் காவல் இருப்பதால் ராஜா வெட்ட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் குதிரை எஃப்7-க்குத் தாவுகிறது, செக்மேட். ராஜாவை ஒட்டி நிற்கும் மூவரும் அவருடைய ஆட்களே. அவர்களே அவருடைய வழியை அடைத்திருக்கிறார்கள். வெள்ளை ராணி பலகையில் இல்லை. ஆட்டத்தை முடித்தது 3 மதிப்புள்ள குதிரை.