தந்தையர்க்குப் பட்ட கடன்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று போனக்காட்டில் முடிகிறது. அதற்கு அப்பால் காடுதான். தை, மாசி மாதங்களில் வனத்துறையின் அனுமதி பெற்ற யாத்திரிகர்கள் இங்கிருந்தே அகத்தியர்கூடத்திற்கு நடக்கத் தொடங்குகிறார்கள். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் அகத்திய முனிவரின் திருவுருவம் எழுந்தருளியுள்ளது. இம்மலைத் தொடரின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறந்து திருநெல்வேலிச் சீமைக்கு இறங்குகிறது. மேற்கே நெய்யாறும் கரமனை ஆறும் கேரள மண்ணுக்கு இறங்குகின்றன.

மலையேறுபவர்கள் அகத்தியரைப் பல வடிவங்களில் நினைப்பதுண்டு. தமிழுக்கு இலக்கணம் தந்தவர், சித்தர்களுள் மூத்தவர், விந்தியத்தைத் தாழச் செய்தவர், கடலைக் குடித்தவர் என்றெல்லாம் அவரைப் போற்றுவர். ஆனால் அவரை ஒரு மகனாகவும் ஒரு தந்தையாகவும் நினைப்பவர் குறைவு. மகாபாரதத்தின் வனபருவம் அவரை முதலில் காட்டுவது அந்த நிலையில்தான்.

தவத்தில் மூழ்கியிருந்த அகத்தியர் ஒருநாள் ஒரு குழியில் சிலர் தலைகீழாகத் தொங்குவதைக் கண்டார். 'நீங்கள் யார்? ஏன் இந்த நிலை?' என்று வினவினார். அவர்கள் அவருடைய முன்னோர்களே. தம் குலத்தில் அவருக்குப்பின் எவரும் இல்லாததால் தமக்கு இக்கதி நேர்ந்தது என்றும், அவர் ஒரு மகனைப் பெற்றால் தாங்கள் விடுபடுவோம் என்றும் கூறினர். அகத்தியர் வாக்களித்தார். அதன் பிறகே லோபாமுத்திரையுடன் அவரது திருமணம் நடந்தது.

இக்கதையில் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. உலகையே துறந்தவராகத் தம்மைக் கருதியிருந்த ஒரு தபஸ்விக்கும் தீர்க்கப்படாத ஒரு கணக்கு இருந்தது. அவர் அதை மறந்திருந்தார். கடன் கொடுத்தவர்கள் மறக்கவில்லை.

மனிதன் பிறக்கும்போதே ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டவனாகவே பிறக்கிறான் என்று வேதம் கூறுகிறது. கல்வியால் முதல் கடனும், வேள்வியால் இரண்டாவதும், மக்கட்பேற்றால் மூன்றாவதும் தீர்கின்றன. தாம் கேட்டு வாங்காத ஒன்றுக்கு ஒருவர் எப்படிக் கடன்பட்டவராவார் என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலும் இதை எடுத்துக்கொண்டார். தந்தை மகனைத் துறக்கலாம், மகன் தந்தையைத் துறக்க இயலாது என்று அவர் கருதினார். கடன்பட்டவன் அதைத் தீர்த்தாக வேண்டும். ஆனால் மகன் என்ன செய்தாலும் அது தான் பெற்றதற்கு ஈடாகாது, ஆகவே அவன் என்றும் கடனாளியே என்பது அவரது வாதம்.

நம் முன்னோர் இதே இடத்திலிருந்து வேறொரு வழியைக் கண்டனர். குழியில் தொங்கியவர்கள் அகத்தியரிடம் பொன்னோ புகழோ கேட்கவில்லை. 'நீ தந்தையாகு' என்பதே அவர்கள் வேண்டியது. கொடுத்தவரிடம் திருப்பிச் செலுத்த முடியாத கடனை அடுத்து வருபவரிடம் செலுத்த வேண்டும் என்பது இதன் பொருள். தந்தையின் தோளில் ஏறித் திருவிழா பார்த்தவன் அந்தத் தோளைத் தந்தைக்குத் திருப்பித் தருவது எங்ஙனம்? தன் குழந்தையைத் தூக்கிக் காட்டும்போது அது திரும்புகிறது. மக்களைப் பெறாதோர் பிறர் குழந்தைக்கு எழுத்தறிவித்தும், ஆதரவற்றோரைப் பேணியும் இதைச் செலுத்த முடியும். துறவு பூணுபவரும் அதற்குமுன் சிராத்தம் செய்து இந்தக் கணக்கை முடிக்க வேண்டும் என்பது மரபு.

இவ்வளவு பெரிய கடனுக்கு ஆண்டில் ஒருநாள் போதுமா? ஏறத்தாழ இதே கேள்வியைக் கன்பூசியஸிடம் அவருடைய சீடர் ஒருவர் எழுப்பினார். பெற்றோர் மறைந்தால் மூன்றாண்டு துக்கம் காப்பது சீனத்தின் வழக்கம். ஓராண்டு போதாதா என்பது சீடரின் ஐயம். 'உன் மனம் ஒப்பினால் அப்படியே செய்' என்று சொல்லிவிட்டார் குரு. சீடர் சென்றபின் மற்றவர்களிடம், குழந்தை மூன்றாண்டுகள் பெற்றோரின் கைகளிலேயே வளர்கிறதே என்று வருந்தினாராம். அன்பைக் கணக்கிட முடியாது என்று அறிந்தவரும் கணக்கின் மொழியிலேயே பேச நேர்ந்தது கவனிக்கத்தக்கது.

உலகெங்கும் தந்தையைப் போற்றும் நாட்கள் பலவிதம். தாய்லாந்து மக்கள் மன்னர் பூமிபால் பிறந்த டிசம்பர் 5ஆம் நாளைத் தந்தையர் தினமாகக் கொண்டனர். 2016இல் அவர் மறைந்த பிறகும் அது தொடர்கிறது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இயேசுவை வளர்த்த புனித சூசையப்பரின் திருநாளான மார்ச் 19 தந்தையருக்குரியது. பெற்றவர் என்பதைவிட வளர்த்தவர் என்பதைக் கொண்டு ஒரு தந்தையைத் தேர்ந்திருப்பது சிந்தனைக்குரியது. ஜெர்மனியில் கிறிஸ்துவின் விண்ணேற்ற நாளில் ஆடவர் கைவண்டியில் மதுவை ஏற்றிக்கொண்டு ஊர்சுற்றப் புறப்படுவர். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேபாளத்தில் ஆவணி, புரட்டாசியையொட்டி வரும் குசே ஔன்சி அமாவாசையன்று, தந்தை உயிருடன் உள்ளோர் அவருக்கு இனிப்பளித்து வணங்குவர். தந்தையை இழந்தோர் காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் பாக்மதிக் கரையிலுள்ள கோகர்ணேசுவரர் ஆலயத்தில் சிராத்தம் செய்வர். உயிருள்ள தந்தைக்கும் மறைந்த தந்தைக்கும் ஒரே நாள்!

நம் பகுதியில் ஆடி அமாவாசை, மலையாளத்தில் கர்க்கடக வாவு. அன்று இந்த மலையின் கிழக்கே தாமிரபரணிக் கரையிலுள்ள பாபநாசத்தில் தமிழர்கள் தர்ப்பணம் செய்கிறார்கள். மேற்கே வர்க்கலையில் கடற்கரையில் மலையாளிகள் பலியிடுகிறார்கள். அந்தக் கடற்கரைக்கும் பாபநாசம் என்றே பெயர். தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லி நீர் வார்க்கும்போது பலர் மூன்றாவது பெயரில் தயங்குவதைக் காணலாம்.

கேரளத்தில் இதற்கு இன்னொரு சிறப்புண்டு. மருமக்கத்தாய முறை நிலவிய குடும்பங்களில் சொத்தும் குடிப்பெயரும் தாய்வழியே வந்தன. தறவாட்டின் தலைவர் தாய்மாமன். திருவிதாங்கூர் அரியணையும் மன்னரின் மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மகனுக்கே சென்றது. 1925ஆம் ஆண்டின் நாயர் சட்டமும், கூட்டுக்குடும்ப முறையை ஒழித்த 1975ஆம் ஆண்டின் சட்டமும் இதை மாற்றின. தந்தையிடமிருந்து ஒரு சாண் நிலமும் வராத குடும்பங்களைக் கொண்ட அதே நாட்டில்தான் வாவுபலியும் வேரூன்றியிருக்கிறது. பரம்பரைச் சொத்துக்கும் பித்ரு கடனுக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்று பல நாடுகளிலும் ஜூன் மாத மூன்றாம் ஞாயிறன்று கொண்டாடப்படும் தந்தையர் தினம் அமெரிக்காவில் தோன்றியது. ஸ்போகேன் நகரின் சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்மணி, தாயை இழந்த ஆறு குழந்தைகளை வளர்த்த தம் தந்தையின் நினைவாக முயன்றதால், 1910 ஜூன் 19 அன்று அந்நகரில் அது கொண்டாடப்பட்டது. 1972இல் அதிபர் நிக்சன் அதற்குச் சட்டத் தகுதி தந்தார். வாழ்த்து அட்டைகளும் பரிசுப் பொருள்களும் கூறும் வரலாறு பெரும்பாலும் இதுவே.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக வேறொரு தொடக்கம் இருந்தது. 1907 டிசம்பர் 6 அன்று மேற்கு வர்ஜீனியாவில் மொனோங்கா நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 360க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகள் தந்தையை இழந்தனர். அருகிலுள்ள ஃபேர்மான்ட் நகரில், தம் தந்தையைப் பறிகொடுத்திருந்த கிரேஸ் கோல்டன் கிளேட்டன் என்ற பெண்மணியின் வேண்டுகோளால் 1908 ஜூலை 5 அன்று தேவாலயத்தில் அத்தந்தையருக்காக வழிபாடு நடந்தது. சுதந்திர தினக் கோலாகலத்தின் மறுநாளாகையால் அது பேசப்படவில்லை, ஆண்டுதோறும் தொடரவுமில்லை. மகிழ்ச்சியில் பிறந்த நாள் நிலைத்தது, துயரத்தில் பிறந்த நாள் மறைந்தது. ஆனால் இரண்டாவது நாள் கேட்ட கேள்வி கடினமானது: உழைக்கும் இடமே தந்தையரை விழுங்கினால், அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கடன்பட்டவர் யார்?

இக்கேள்வி போனக்காட்டுக்கும் அந்நியமானதன்று. இது வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டம். தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் இங்கே லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தன. தோட்டத் தொழிலில் வீடு வேலையோடு சேர்ந்தது. தந்தை ஓய்வுபெற்றால் கூரை நிலைப்பதற்காகவே பிள்ளை கூடையைத் தோளில் ஏற்ற வேண்டி வரும். 2015ஆம் ஆண்டு வாக்கில் இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை நின்றது. ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நிற்க, தொழிலாளர் பல ஆண்டுகள் காத்திருந்தனர். பள்ளிக் கட்டணத்திற்குக் கைநீட்டும் மகளிடம் 'சம்பளம் வரட்டும்' என்று சொல்லும் தந்தை, தான் பட்ட கடனைத் தன் குழந்தைக்குச் செலுத்த முடியாமல் நிற்கிறார். அவர் கடன் தீர்க்க மறுத்தவர் என்று எவரும் சொல்ல மாட்டார். அவர் கையை மறித்தவர்களுக்கும் அக்கடனில் பங்குண்டு.

தந்தையாகப் போகும் அகத்தியருக்கும் பணம் தேவைப்பட்டது. தந்தை வீட்டில் இருந்ததுபோல் அணிகலன்களுடன் இருக்க விரும்புவதாக லோபாமுத்திரை கூறினாள். தவத்தைச் செலவழிக்க விரும்பாத முனிவர் மூன்று அரசர்களிடம் ஒருவர்பின் ஒருவராகச் சென்றார். ஒவ்வொருவரும் வரவு செலவுக் கணக்கை அவர்முன் வைத்தனர். இரண்டும் சமமாக இருந்தன. எதை எடுத்தாலும் குடிகள் துன்புறுவர் என்று கண்டு அவர் ஒரு காசும் பெறவில்லை. தன் குழந்தைக்காகப் பிறர் குழந்தையின் வாயிலிருந்து பறிக்கக் கூடாது என்ற இந்தத் தயக்கத்தை இதிகாசம் சொல்லாமல் சொல்கிறது.

இத்தனையும் ஒப்பினும் ஓர் ஐயம் எஞ்சும். கடன் என்றால் கட்டளைக்குக் கீழ்ப்படிதல்தானா? தந்தை தவறினால்? கரமனை ஆறு கடலை நெருங்கும் திருவல்லத்தில் பரசுராமர் ஆலயத்தில் வாவுபலி பெரிய அளவில் நடைபெறும். தந்தை ஜமதக்னியின் ஆணையால் தாயைக் கொன்றவர் அவர். ஆனால் அதற்காகத் தந்தை அளித்த வரத்தில் அவர் கேட்டது, தாய் உயிர்பெற வேண்டும், நடந்தது அவளுக்கு நினைவில் இருக்கக் கூடாது என்பதே. அதே மகாபாரதம் சாந்திபருவத்தில் சிரகாரி என்ற இளைஞனைக் காட்டுகிறது. தாயைக் கொல் என்று கௌதமர் சினத்தில் ஆணையிட்டுச் சென்றபோது, அவன் வாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். தந்தையின் பெருமையையும் தாயின் பெருமையையும் எடைபோட்டுக்கொண்டே பொழுதைக் கழித்தான். மனம் வருந்தித் திரும்பிய கௌதமர் மனைவி உயிருடன் இருப்பதைக் கண்டு மகனின் தாமதத்தைப் புகழ்ந்தார். தந்தைக்குச் செய்யும் மிகப்பெரிய சேவை சில வேளைகளில், சினம் தணியும்வரை அவரது சொல்லை நிறைவேற்றாதிருப்பது.

லோபாமுத்திரையிடம் அகத்தியர், ஆயிரம் புதல்வர் வேண்டுமா, ஆயிரம் பேருக்கு நிகரான ஒருவன் வேண்டுமா என்று கேட்டார். நல்லவன் ஒருவன் போதும் என்றாள் அவள். பிறந்தவனுக்குத் திருடஸ்யு என்று பெயரிட்டனர். சிறுவனாக இருக்கையிலேயே அவன் தந்தையின் ஆசிரமத்திற்கு வேள்விக்குரிய சமித்துகளைச் சுமை சுமையாகச் சுமந்து வந்தான். அதனால் விறகு சுமப்பவன் என்ற பொருளில் இத்மவாஹன் என்று அழைக்கப்பட்டான். குழியில் தொங்கிய முன்னோர்களும் தாங்கள் விரும்பிய உலகங்களை அடைந்தனர்.