‘நல்லதா எதையாவது போடுங்க’

கோட்டையூர் தாண்டி பள்ளத்தூருக்கு வரும் சாலையில் ஒரு மாலை, பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுவன் குறுக்கே ஓடிவந்தான். இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். முன்சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டது. நான் நினைத்த இடத்தில் வண்டி நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. அதற்குள் பையன் ஓடிவிட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, என் தோளைப் பிடித்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் கழற்றிக் காட்டினார். பேடில் உரசும் பகுதி தீர்ந்துபோய், அதன் பின்னாலிருக்கும் தகடு டிஸ்க்கை அறுத்திருந்தது. மாற்றி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. “லோக்கல் பேடுதான் அக்கா. நீங்கதான் நல்லதா எதையாவது போடுங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க. செலவு குறையட்டும்னு போட்டேன்” என்றார். அவர் சொன்னது உண்மை. அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன்.

அந்தப் பையன்மேல் வண்டி மோதியிருந்தால் பொறுப்பு யாருடையது? பேடு செய்தவருடையதா, மாட்டியவருடையதா, என்னுடையதா? “எனக்கு இதெல்லாம் தெரியாது” என்று நான் சொல்லியிருந்தால் அது நியாயமான பதிலாக இருந்திருக்குமா?

இருந்திருக்காது. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். பிரேக் பிடிக்கும்போது அந்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக மாறும் இடம் பேடும் டிஸ்க்கும்தான். மதிப்பெண்ணுக்காகச் சொல்லிக்கொடுத்த அதை என் வண்டியோடு ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஏன் பார்க்கவில்லை? வண்டி பழகியபோது எனக்குச் சொன்ன முதல் பாடம், “முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவே.” உங்களில் பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, முன்சக்கரம் தரையை அழுத்திப் பற்றுகிறது. அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. மணலிலும் ஈரத்திலும் வளைவிலும் கவனமாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். எப்படிப் பிடிப்பது என்று கற்றுத்தராமல் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த அக்கறையால் எனக்கு வந்தது பாதுகாப்பு இல்லை, பயம்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பு வேண்டும் என்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்வது அதைத்தான். தேவையான விதி. ஆனால் மோட்டார்சைக்கிளில் பெண்ணை நினைத்து வைத்த பாகம் எது என்று தேடினால், என் கண்ணுக்குப் படுவது அது ஒன்றுதான். அதுவும் பின்னால் உட்காருகிற பெண்ணுக்கு.

பிறகு ஓட்டுகிறவளும் வந்தாள். பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் வரை தமிழக அரசு மானியம் தந்தது. இவையெல்லாம் நாம் போவதற்கு வழி செய்தவை. நிறுத்துவதைப் பற்றிய அறிவு மட்டும் இன்னும் அண்ணனிடமும் மெக்கானிக்கிடமுமே இருக்கிறது.

இந்த முறை காரைக்குடியில் உதிரிபாகக் கடைக்கு நானே போனேன். “வீட்ல அண்ணனை வரச் சொல்லுங்களேன், அவருக்குத் தெரியும்” என்றார் கடைக்காரர். இந்த ஊர்ப் பக்கம், ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் பார்த்த காலத்தில், அத்தனை பெரிய வீடுகளை இருந்து நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். “வண்டி என்னுது. எனக்கே சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். பிசின் கலந்து செய்த பேடு டிஸ்க்கை அதிகம் தேய்க்காது, ஆனால் சீக்கிரம் தீரும். உலோகத்தூளை அழுத்திச் சூட்டில் இறுக்கிய பேடு வெப்பத்தைத் தாங்கும், நாள்பட உழைக்கும். ஆனால் அதற்கென்று செய்யாத டிஸ்க்கைத் தின்றுவிடும். கையேட்டில் சொன்ன வகையைப் போடுவதே நல்லது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். என்னுடையதில் 3.5 மில்லிமீட்டர். ஆய்வகத்துத் திருகு அளவியை வைத்துப் பார்த்தேன்: 3.3. பேடோடு டிஸ்க்கையும் மாற்றினேன்.

அப்படியென்றால் யாரையும் நம்பக்கூடாதா? அதுவும் முடியாது. காலிபரைக் கழற்ற எனக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் வாழ வேண்டுமென்றால் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. நம்பிக்கையைப் பற்றி 1986இல் எழுதிய பெண்ணியத் தத்துவவாதி அனெட் பேயர் ஒரு சோதனை சொல்கிறார். ஒரு நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பது இரு பக்கத்துக்கும் தெரிந்த பிறகும் அது நிலைத்தால், அந்த நம்பிக்கையில் பழுதில்லை. என் ‘எதையாவது போடுங்க’ இந்தச் சோதனையில் தோற்றது. அது என் அறியாமைமேலும் அவருடைய யூகத்தின்மேலும் நின்றது. இப்போது பழைய பேடைக் கையில் வாங்கிப் பார்க்கிறேன், கேட்கிறேன், அவர் சொல்கிறார். மெக்கானிக் அதே ஆள்தான். முன்பு அவரிடம் பொறுப்பைத் தள்ளிவிட்டேன், இப்போதுதான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பெனி பேடு வாங்க என்னிடம் பணம் இருந்தது. நாள் கூலிக்குப் போகிற பெண் விலை குறைந்ததை வாங்கினால் அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பேடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதற்குக் காசு வேண்டாம். அதை அவளுக்குச் சொல்லாமல் இருப்பதுதான் அநியாயம். என் வண்டி, என் விருப்பம் என்று பிரேக் விஷயத்தில் பேச முடியாது. தெருவில் ஓடும் பையனும் பின்னால் இருக்கும் அம்மாவும் அந்த விருப்பத்துக்குள் இருக்கிறார்கள்.

பழைய டிஸ்க்கை வீசவில்லை. பதினொன்றாம் வகுப்பு செய்முறைக்குக் கொண்டுபோய், கம்பிக்குப் பதில் இதை அளக்கச் சொன்னேன். அளந்து எழுதிவிட்டு ஒருத்தி கேட்டாள்: “மிஸ், எங்க அம்மா ஸ்கூட்டியில இது எங்க இருக்கும்?” அது டிரம் பிரேக், டிஸ்க் இருக்காது, உள்ளே ஷூ தேயும் என்றேன். எவ்வளவு தேய்ந்தது என்று காட்ட, சில வண்டிகளில் சக்கரத்துப் பக்கம் ஓர் அம்புக்குறி உண்டு என்றும் சொன்னேன்.

மறுநாள் காலை அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூவரும் பள்ளி வாசலில் குத்தவைத்து அந்த அம்புக்குறியைத் தேடினோம்.