நம்பிக்கையும் அன்றாட நடத்தையும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி வருபவர்கள் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளையில் தமிழக எல்லையை அடைவார்கள். அந்த எல்லையை ஒட்டிய சிற்றூர்களுள் ஒன்று காரோடு. 1956-இல் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு வீடுகளுக்கு இடையே விழுந்ததே தவிர பேச்சுக்கு இடையே விழவில்லை. ஒரே திண்ணையில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிப்பதை இன்றும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பல சபைகளின் ஆலய மணியோசையும் அம்பலத்துப் பாட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் ஒரு கிறித்தவ அன்பரின் இல்லத்தில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. அவர் முதியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். பேச்சின் நடுவே அவர் கேட்டார்: "சுவாமி, அறுபது வருஷமாக ஆலயத்திற்குப் போய்வருகிறேன். விசுவாசம் எனக்குள் வந்துவிட்டதா, அல்லது நான்தான் அதற்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறேனா? இதை எப்படித் தெரிந்துகொள்வது?"

அன்று ஏதோ பதில் சொன்னேன். அது எனக்கே நிறைவளிக்கவில்லை.

நம்பிக்கை என்பதை ஒரு கருத்துக்கு அறிவு அளிக்கும் இசைவு என்று தத்துவ நூல்கள் பலவும் கொள்கின்றன. 'இறைவன் உண்டு' என்பதை ஒருவன் ஏற்றுக்கொண்டால் அவன் நம்பிக்கையாளன். ஆனால் புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் நிருபம் இந்த இலக்கணத்தோடு நிற்பதில்லை. கடவுள் ஒருவரே என்று பேய்களும்தான் நம்புகின்றன என்று அது சற்றுக் கேலியாகவே சுட்டிக்காட்டுகிறது. இசைவு மட்டுமே போதும் என்றால் பேய்க்கும் பக்தனுக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். செயலாக மாறாத விசுவாசம் உயிரில்லாத உடலுக்குச் சமம் என்பது அந்த நிருபத்தின் துணிவு. எந்தச் செயல் என்பதுதான் அடுத்த கேள்வி. தான தர்மம் என்று உடனே சொல்லத் தோன்றும். தானம் செய்கிற கை, தானம் பெறுகிறவனைத் தொடாமலேயே அதைச் செய்துவிட முடியும் என்பதை நம் நாட்டு வரலாறு அறியும்.

காரோட்டிலிருந்து சில மைல் தொலைவில், எல்லைக்கு இந்தப் புறம், விளவங்கோடு தாலுகாவில் நட்டாலம் உள்ளது. 1712-இல் அங்கு நாயர் குலத்தில் பிறந்தவர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் அலுவலராக இருந்தார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைத் தலைவரான டச்சுக்காரர் டிலனாயின் நட்பு அவருக்குக் கிடைத்தது. துன்பத்தால் மனம் சோர்ந்திருந்த நண்பருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பர். 1745-இல் நீலகண்டன் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று 'தேவசகாயம்' ஆனார். 1749-இல் கைது செய்யப்பட்டார்; ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சித்திரவதைகளை அனுபவித்தபின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கைதுக்கான காரணம் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பொருளன்று.

என் கவனம் வேறொன்றில். தேவசகாயம் துறவி அல்லர், குருவும் அல்லர், மணமான இல்லறத்தார். மதம் மாறியபின் அவர் வாழ்க்கையில் வெளிப்படையாக மாறியது என்ன? தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார், அவர்களோடு அமர்ந்து உண்டார் என்று மரபு கூறுகிறது. இன்ன குலத்தான் இன்ன குலத்தானிடமிருந்து இத்தனை காலடி விலகி நிற்கவேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாட்டில் இது சிறிய செய்தி அன்று. எல்லோரும் சமம் என்று வற்புறுத்தியதே மேல்சாதியாரின் வெறுப்புக்குக் காரணமாயிற்று என்று வாட்டிகனும் குறிப்பிட்டது. புனிதராக அறிவிப்பதற்கு முன்பே அவர் பெயரிலிருந்த 'பிள்ளை' என்ற சாதிப்பட்டத்தையும் நீக்கியது.

இனிதான் சங்கடமான பகுதி வருகிறது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு பெரிய ஆலயம் எழுந்தது. ஒரே பீடம், அதிலிருந்து இரு கால்களைப்போல் விரியும் இரண்டு நீண்ட மண்டபங்கள். ஒரு சாதியார் ஒன்றில், பிற சாதியார் மற்றொன்றில். இரு சாராரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. இந்தப் பிரிவினை 1910-இல்தான் நீக்கப்பட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றார்கள்.

அந்த இரு மண்டபங்களிலும் முழந்தாளிட்டவர்களைப் போலிகள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அவர்களுடைய கண்ணீரும் மெய்யானதுதான். அப்படியானால் எங்கே தவறிற்று? சுவரை அவர்கள் ஒரு செயலாகவே காணவில்லை என்று நினைக்கிறேன். மழை பெய்வதுபோல, ஆறு மேற்கிலிருந்து வருவதுபோல, அது உலகத்தின் அமைப்பாக அவர்களுக்குத் தோன்றிற்று. 'நான் பொய் சொன்னேன்' என்று பாவசங்கீர்த்தனம் செய்யலாம். 'நான் வழக்கம்போல் நடந்துகொண்டேன்' என்று யார் செய்வார்கள்? தேவசகாயத்திடம் நிகழ்ந்த மாறுதல் இதுவே. மற்றவர்கள் 'வழக்கம்' என்று கண்டதை அவர் 'நான் செய்வது' என்று கண்டார். தான் செய்வதுதான் என்று தெரிந்துவிட்டால், அதைச் செய்யாமலிருக்கவும் முடியும் என்பது கூடவே தெரிந்துவிடுகிறது.

டென்மார்க்கின் தத்துவ ஞானி கீர்க்கேகார்ட் 1847-இல் 'அன்பின் செயல்கள்' என்ற நூலை வெளியிட்டார். அயலான் யார் என்று ஆராய்ந்து தேடவேண்டியதில்லை, ஜெபித்த அறையின் கதவைத் திறந்ததும் எதிர்ப்படுபவனே அவன் என்பது அதில் அவர் வளர்க்கும் கருத்து. அதே 1847-இல் திருவிதாங்கூரிலிருந்த மிஷனரிகள் அடிமைமுறையை ஒழிக்குமாறு மகாராஜாவுக்கு விண்ணப்பம் அளித்தார்கள். 1855-இல் அரச பிரகடனம் வந்தது.

ஆனால் விண்ணப்பம் எழுதுவது வேறு, வீட்டுக்குள் அனுமதிப்பது வேறு. நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் நெடுங்காலம் உழைத்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட், மனைவியை இழந்தபின், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கிறித்தவப் பெண் ஒருவரை 1850-களின் தொடக்கத்தில் மணந்தார். சமத்துவத்தைப் போதித்த சங்கத்தாருக்கே அது ஏற்கவில்லை. மீட் மிஷனை விட்டு விலக நேர்ந்தது.

நற்செயலுக்குக் கிறித்தவம்தான் வேண்டுமா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். வேண்டுமென்று நான் சொல்லவில்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888-இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்ததும் இதே விழிப்பிலிருந்து பிறந்ததுதான். விழிப்புக்கு வாசல்கள் பல. ஒருவன் தான் நுழைந்த வாசல் வழியாக உள்ளே போனானா என்பதே அவனைப் பொறுத்த கேள்வி.

இதை எழுதுகிற எனக்கும் ஒரு கணக்கு உண்டு. நான் வளர்ந்த வீட்டின் கொல்லைப்புறச் சுவரில் ஓர் அலுமினியக் குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும், தோட்ட வேலைக்கு வருபவருக்காக. பன்னிரண்டு வயது வரை நாள்தோறும் அதைப் பார்த்தேன். ஒரு நாளும் காணவில்லை. இப்போது அந்தக் குவளைகள் பெரும்பாலும் போய்விட்டன. காகிதக் கோப்பை வந்திருக்கிறது. குடித்தபின் எறிந்துவிடலாம், சுத்தத்துக்காகத்தான் என்று சொல்லியும் கொள்ளலாம்.

காரோட்டு இல்லத்தில் மறுநாள் காலை மதில் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு வங்காளத் தொழிலாளர்கள். வீட்டம்மாள் அவர்களுக்குக் காகிதக் கோப்பையில் தேநீர் ஊற்றப் போனார். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, எங்களுக்குத் தேநீர் வந்த அதே வகை எவர்சில்வர் தம்ளர்கள் இரண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாலு நாளாக வேலை செய்கிறார்கள். பேர் என்ன என்று இன்னும் கேட்கவில்லை. எனக்கு அவர்கள் பாஷை தெரியாது, சுவாமி" என்றார்.

எனக்குத் தெரியும். வங்காள நூல்களைத் தமிழாக்குவதே பல ஆண்டுகளாக என் பணி. அன்று காலை அந்த இருவரையும் இரண்டு முறை கடந்து சென்றிருந்தேன்.

எழுந்து அவரோடு மதிலருகே போனேன்.