திட்டு வாங்கும் தகுதி

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நடந்திருப்பவர்களுக்குத் தெரியும். நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடுமேடான ஓடுகள் பதித்திருப்பார்கள். நீளக்கோடுகள் இருந்தால் நேராக நடக்கலாம், புள்ளிகள் வந்தால் நின்று கவனிக்க வேண்டும். பார்வையற்றோர் சங்கமும் பார்வையற்றவர்கள் வேலை செய்யும் உடம்புபிடி நிலையங்களும் நெடுங்காலமாக இருக்கும் வட்டாரம் அது. அந்த ஓடுகளின் மேலேயே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த ஓடுகள் முடியும் இடத்தில் ஓர் அங்கிள் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். பார்வையற்றவர், அறுபதைத் தாண்டியவர். வங்கியில் ஒரு கையெழுத்துப் பிரச்சினை. கூட ஒருவர் வந்து பாரத்தை வாசித்துச் சொன்னால் போதும் என்று கேட்டிருந்தார். நான் ஒரு தன்னார்வலரை ஏற்பாடு செய்திருந்தேன். கல்லூரி மாணவர், நல்ல பையன், வாட்சப் குழுவில் எல்லாவற்றுக்கும் முதலில் கட்டைவிரல் தூக்குபவர். அன்று தூங்கிவிட்டார்.

விஷயம் தெரிந்து நான் அங்கிளுக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வரிதான்: “பரவால்லம்மா, சும்மா வர்ற புள்ளைங்கதானே. நாம என்ன கேக்க முடியும்?”

அந்தப் பையனுக்கும் அழைத்தேன். “சோரி அக்கா, அலாரம் அடிக்கல. நெக்ஸ்ட் டைம் கண்டிப்பா போறேன்” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரவால்லப்பா.”

ஒரே காலையில் இரண்டு ‘பரவால்ல’. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

*

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு சிறிய அமைப்பில் தன்னார்வலர்களையும் பயிற்சி மாணவர்களையும் ஒருங்கிணைப்பது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு, சம்பளம் வாங்காதவர்களை வேலை வாங்குவது என்றும் சொல்லலாம். இந்த வேலையில் ஒரு பருவநிலை உண்டு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும், டிசம்பர் 3 அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிய வாரமும் மழைக்காலம். அரிசி மூட்டை, மைலோ டின், ஒரே நிற டீசட்டை, பெரிய அட்டைக் காசோலை. உதவி பெறுகிறவர்களைவிட உதவ வந்தவர்கள் அதிகமாக நிற்பார்கள். பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் வங்கிக்குப் போக ஆள் தேடினால் குழுவே மௌனமாகிவிடும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வருகிறவர்கள் பலர் உண்மையான அன்போடுதான் வருகிறார்கள். என் கேள்வி வேறு. இலவசமாகக் கொடுக்கப்படும் ஒன்றில் குறை சொல்ல வாங்குபவருக்கு உரிமை உண்டா? அங்கிள் கட்டணம் கட்டி ஒருவரை அழைத்திருந்தால், கிராப் வண்டி ஐந்து நிமிடம் தாமதித்தால் நாம் கத்துவதுபோல அவரும் கத்தியிருப்பார். இலவசம் என்ற ஒரே காரணத்தால் அவருடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மதிப்பில்லாமல் போகிறது. வாங்கியதை நன்றியோடு வாங்கிக்கொள்ள வேண்டும். வராததை அமைதியாகப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்படிப் பார்த்தால் உதவி அவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்வது அவருடைய கோபத்தை.

1968இல் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களுக்கு முன்னால் இவான் இல்லிச் ஓர் உரை நிகழ்த்தினார். உங்கள் நல்லெண்ணம் இங்கே தீங்குதான் செய்கிறது, தொண்டு செய்ய வராதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அதை முதலில் வாசித்தபோது எனக்கு உற்சாகமாக இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் போக என்னால் முடியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கிள் மறுபடியும் வங்கிக்குப் போயாக வேண்டும். யாராவது வந்தாக வேண்டும்.

*

இனி நான் செய்த தவறு. மேலே சொன்னதெல்லாம் அடுத்தவர் தவறு என்பதால் எழுதச் சுலபமாக இருந்தது.

அதே காலகட்டத்தில் எங்களிடம் ஒரு பெண் பயிற்சிக்கு வந்தாள். தொடர்பியல் படிக்கும் மாணவி, பதினான்கு வாரப் பயிற்சி. பெருமூளை வாதத்தோடு பிறந்தவள். ஒரு கையால் தட்டச்சு செய்வாள், பேச்சு நிதானமாக வரும், சில சொற்களை இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். உண்மையைச் சொல்கிறேன்: மாற்றுத்திறனாளிகளுக்காகவே இயங்கும் எங்கள் அமைப்பில் அதுவரை ஒரு மாற்றுத்திறனாளி கூடப் பயிற்சி மாணவராக இருந்ததில்லை. விண்ணப்பம் வந்தபோது என் மனதில் முதலில் ஓடியது, ‘எப்படிச் சமாளிக்கப் போறோம்?’ என்பதுதான். ‘என்ன வேலை கொடுக்கலாம்?’ என்பது பிறகுதான் வந்தது.

மாத மடல் தயாரிப்பதை அவளிடம் கொடுத்தேன். முதல் மடலில் பிழைகள் இருந்தன. இரண்டு பெயர்கள் தவறு, ஒரு தேதி தவறு, ஒரு படத்துக்குக் கீழே வேறொரு படத்தின் விளக்கம். எந்த மாணவர் முதல் தடவை செய்தாலும் வரக்கூடிய பிழைகள்தாம். மற்றவர்களாக இருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து, சிவப்பில் வட்டம் போட்டுக் காட்டியிருப்பேன். அவளிடம் “சூப்பர்மா” என்றேன். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து நானே திருத்தி, காலையில் அனுப்பிவிட்டேன். இரண்டாவது மடலிலும் அதே கதை. இடைக்கால மதிப்பீட்டுப் பாரம் வந்தபோது எல்லாக் கட்டத்திலும் ஐந்துக்கு ஐந்து போட்டேன். போடும்போது நான் ஒரு நல்ல மனுஷி என்ற எண்ணமும் வந்தது, மறைப்பானேன்.

கூகுள் கோப்புகளில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற வரலாறு அப்படியே இருக்கும். அவள் அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஒரு மதியம் என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, ராத்திரி பதினொரு மணிக்கு என் வேலைய நீங்க திருத்துறீங்க.”

ஏதோ சொல்லி மழுப்பினேன். அவள் வாக்கியத்தை முடிக்கட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. வழக்கம்போல நானே அவளுக்காக முடித்துவைக்கப் பார்த்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மத்தவங்க தப்பு பண்ணா கூப்பிட்டுப் பேசுறீங்க. போன வாரம் அவனத் திட்டினீங்க, கேட்டுச்சு. என்ன மட்டும் ஏன் திட்டல?”

பதில் இல்லை என்னிடம்.

*

ஆங்கிலத் தத்துவவாதி பி.எஃப். ஸ்ட்ராசன் 1962இல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. ‘சுதந்திரமும் மனக்கசப்பும்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மனிதர்களிடம் நாம் இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம் என்கிறார். ஒன்று, உறவில் பங்கெடுக்கும் மனநிலை. அங்கே நன்றி, கோபம், வருத்தம், மன்னிப்பு எல்லாம் உண்டு. ஒருவர் என் கையை மிதித்தால் வலி ஒன்றுதான். ஆனால் தெரியாமல் மிதித்தாரா, என்னைத் துச்சமாக நினைத்து மிதித்தாரா என்பதைப் பொறுத்து என் மனம் வேறுவேறாக எதிர்வினையாற்றும். மற்றொன்று, விலகி நின்று பார்க்கும் மனநிலை. அங்கே எதிரில் இருப்பவர் கையாளப்பட வேண்டியவர், பராமரிக்கப்பட வேண்டியவர், பயிற்றப்பட வேண்டியவர். அவர்மேல் இரக்கம் வரலாம், அன்புகூட வரலாம். ஆனால் சகமனிதர்மேல் வருகிற அந்தக் கோபம் வராது. உறவின் பளுவிலிருந்து தப்பிக்கவும் நாம் சில சமயம் இந்த இரண்டாவது மனநிலைக்குள் ஒதுங்கிக்கொள்கிறோம் என்றும் அவர் சொல்கிறார்.

அந்த மதியம் எனக்குப் புரிந்தது இதுதான். நான் அவளைத் திட்டாமல் இருந்தது அவள்மேல் வைத்த பிரியத்தால் என்று நினைத்திருந்தேன். ஆனால் ‘இவளிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது’ என்று அவளைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதியிருந்தேன். அவள் தப்பு செய்தாள் என்றுகூட நான் நினைக்கவில்லை. மழை பெய்தால் குடை பிடிப்பதுபோல, அவள் பிழை செய்தால் நான் திருத்த வேண்டும் என்று நினைத்தேன். மழையை யாரும் திட்டுவதில்லை.

தூங்கிப்போன அந்தப் பையனையும் நான் திட்டவில்லை. அவளிடம் இரக்கம், அவரிடம் பயம். கோபித்தால் குழுவைவிட்டுப் போய்விடுவாரே என்று. காரணங்கள் வேறு, ஆனால் இருவரையுமே ‘கேட்க முடியாதவர்கள்’ பட்டியலில் போட்டுவைத்திருந்தேன். இந்தப் பட்டியல் நீள நீள, பாதையோரத்தில் நிற்கும் அங்கிளிடம் மட்டும் நாம் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறோம்: பொறுமை.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இந்தக் குணம் உண்டு. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுக் கட்டடங்கள், போக்குவரத்து, கல்வி, வேலை என்று பல உரிமைகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றை மறுப்பவருக்கு என்ன தண்டனை என்று சொல்லாமலேயே நிறைவேறியது. உரிமை என்று எழுதிவிட்டு, மீறினால் ‘பரவால்ல’ என்று சொல்லும் சட்டம். மஞ்சள் ஓட்டின் மேல் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

*

அப்படியானால் எல்லாரையும் ஒரே மாதிரி திட்டுவதுதான் சமத்துவமா? இல்லை. அதுவும் சோம்பேறித்தனம்தான். 2010இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் ‘நியாயமான இசைவாக்கம்’ என்ற ஒரு கருத்து உண்டு. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக இயங்கத் தேவையான மாற்றங்களை, அளவுக்கு மீறிய சுமையாக இல்லாதபட்சத்தில், செய்துகொடுக்க வேண்டும், மறுப்பது பாகுபாடு. இதை நான் சலுகை என்று தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். சலுகை எதிர்பார்ப்பைக் குறைக்கிறது. இசைவாக்கம் எதிர்பார்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு வழியை மாற்றுகிறது.

அந்த வித்தியாசத்தை நடைமுறையில் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். குரல்வழித் தட்டச்சு அவள் பேச்சைப் புரிந்துகொள்ளவில்லை, அதை விட்டுவிட்டோம். மடலுக்கான விவரங்களை வெள்ளிக்கிழமைக்குப் பதிலாகப் புதன்கிழமையே அவளிடம் கொடுத்தேன். பெயர்களைச் சரிபார்க்க ஒரு பட்டியல் போட்டாள். பிறகும் ஒரு பெயர் தவறியது. வட்டம் போட்டேன். முகம் சுருங்கியது, திருத்தினாள். அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை.

ஒருநாள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். ரயில் நிலையத்தில் லிஃப்ட் பழுது. இறுதி மதிப்பீட்டில் நேரந்தவறாமைக்கு நான் மூன்று போட்டதும் சண்டைக்கு வந்தாள்.

“லிஃப்ட் கெட்டுப்போனது என் தப்பா?”

“லிஃப்ட் உன் தப்பில்ல. ஒரு மெசேஜ் போடாம இருந்தது உன் தப்பு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்போ நாலு குடுங்க” என்றாள். பேரம் பேசி நாலில் முடித்தோம். அந்தப் பாரத்தில் ஒரே ஒரு ஐந்துதான் இருந்தது. ‘கருத்தைத் துணிந்து சொல்லுதல்’ என்ற கட்டத்தில்.

எல்லா நேரமும் கோடு இவ்வளவு தெளிவாக இருக்காது. எது லிஃப்ட், எது மெசேஜ் என்று தெரியாமல் தவறாகத் திட்டிய நாட்களும் உண்டு. அதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். தப்பாகத் திட்டிவிட்டு மன்னிப்புக் கேட்பதில், திட்டாமலேயே ஒதுக்கிவைப்பதைவிட ஒரு நேர்மை இருப்பதாக இப்போது நினைக்கிறேன்.

திருக்குறளில் ‘ஈகை’க்கு முந்தைய அதிகாரமாக ‘ஒப்புரவறிதல்’ இருக்கிறது. பள்ளியில் இரண்டையும் ‘பிறருக்கு உதவுதல்’ என்றே படித்துவிட்டுப் போனோம். இப்போது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ‘ஒப்பு’ கண்ணில் படுகிறது. ஈகையில் கொடுப்பவரும் வாங்குபவரும் இருக்கிறார்கள். ஒப்புரவில் ஒரே ஊரில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஊரில் வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

*

தூங்கிப்போன பையனுக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைத்தேன். அங்கிளிடம் நேரில் போய்ப் பேசச் சொன்னேன். “வாலண்டியருக்கே இவ்ளோ ரூல்ஸா அக்கா?” என்று கேட்டார். அன்றிரவே குழுவிலிருந்து வெளியேறினார். அவரோடு இன்னும் இரண்டு பேர். இன்றுவரை அந்த இழப்பு எனக்குக் கணக்கில் வருகிறது; சில செவ்வாய்க்கிழமைகளில் ஆள் கிடைக்காமல் நானே ஓடுகிறேன். நான் செய்தது சரிதானா என்று அந்த நாட்களில் சந்தேகம் வரும்.

இப்போது புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்கிறோம்: நீங்கள் வராவிட்டால் யார் காத்திருப்பார்களோ, அவர்களிடம் என் எண் இருக்கிறது, அவர்கள் புகார் செய்யலாம். அங்கிளிடமும் சொன்னேன். “அதெல்லாம் எதுக்கும்மா” என்றார்.

போன மாதம் ஒரு காலை ஒன்பது பத்துக்கு ஃபோன் அடித்தது. அங்கிள்தான். “என்னாம்மா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? ஒம்போது மணின்னு சொல்லிட்டு இன்னும் ஆளக் காணோம். எனக்கு வேற வேல இல்லையா?”

வந்துகொண்டிருந்த பெண்ணின் ரயில் தாமதம், அவள் எனக்கு மெசேஜும் போட்டிருந்தாள், நான்தான் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதற்கும் சேர்த்து ஐந்து நிமிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.