ஜாவலின் காருக்குள் கார்டின் துணி

1972ஆம் ஆண்டு ஜாவலின் காருக்கு அமெரிக்கன் மோட்டார்ஸ் ஒரு புது உள்ளலங்காரத்தைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் பாரிஸில் புகழ்பெற்ற ஆடைக் கலைஞர் பியர் கார்டின். கூடுதல் விலை 84.95 டாலர்.

ஜாவலின் சாதுவான வண்டியல்ல. நீண்ட பானெட், குட்டையான பின்பக்கம், வேண்டுமென்றால் 6.6 லிட்டர் வி-8 இஞ்சின் என்று 'மஸில் கார்' இலக்கணம் முழுவதும் அதில் உண்டு. 1971, 1972 இரண்டு ஆண்டும் டிரான்ஸ்-ஆம் பந்தயப் பட்டம் அதற்குத்தான். ஆனால் அதே சமயத்தில் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு இறுகியது. குதிரைத்திறனைச் சொல்லி வண்டி விற்ற காலம் முடிந்துகொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் மூன்றுக்கும் பின்னால் நின்ற அந்தச் சிறிய கம்பெனிக்குப் புது உருவத்துக்கு அச்சு வார்க்கும் வசதி இல்லை. துணியை மாற்றுவது கைக்கு எட்டும் செலவு.

பக்கவாட்டில் கார்டினின் சின்னத்தை ஒட்டிவிட்டு விலையை ஏற்றியிருக்கலாம். சின்னமும் இருந்தது, அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. கறுப்புத் துணியில் சிவப்பு, பிளம், வெள்ளை, வெள்ளிக் கோடுகள் முன்னிருக்கையில் தொடங்கி, கதவில் ஏறி, கூரையைக் கடந்து, பின்னிருக்கையில் இறங்கும்.

இது எவ்வளவு பெரிய வேலை என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும். புதுக்கோட்டையில் சீட் கவர் தைக்கும் ஒரு குஷன் கடையில் கோடு போட்ட துணியைக் கொடுத்துப் பாருங்கள். கத்தரிக்கோலை எடுக்குமுன் துணியை விரித்து, எந்தக் கோடு எங்கே முட்டும் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்வார்கள். ஸ்பாஞ்ச் அமுங்கும் வளைவில் கோடு நெளியும். பைப்பிங் ஓடும் இடத்தில் அரை விரல் விலகினாலும் கண்ணை உறுத்தும்.

இரண்டு ஆண்டுகளில் 4,152 கார்டின் ஜாவலின்கள் வெளிவந்தன. 1973இல் அதே கம்பெனி தன் கிரெம்லின் என்ற குட்டிக் காருக்கு ஜீன்ஸ் கம்பெனியான லீவைஸின் பெயரை வாங்கியது. அசல் டெனிம் தீப்பாதுகாப்பு விதிக்கு ஒத்துவராததால், டெனிம் போலத் தெரியும் நீல நைலானைப் போட்டார்கள். ஆரஞ்சுத் தையல், செம்பு ரிவெட், முன்னிருக்கையின் முதுகில் சிவப்பு லேபிள் எல்லாம் ஜீன்ஸில் இருப்பது போலவே.

நம் பக்கத்தில் வண்டியும் உடையும் சேரும் இந்தக் கூட்டு வேறு திசையில் போனது. 1955 முதல் சென்னை மண்ணில் உருவாகும் புல்லட் மோட்டார் சைக்கிளின் கம்பெனியான ராயல் என்ஃபீல்டு, அதே லீவைஸுடன் சேர்ந்து உடை வரிசை வெளியிட்டது. இங்கே துணி வண்டியை விட்டு, ஓட்டுகிறவர் உடம்புக்கு வந்துவிட்டது. அதனால் பொறுப்பும் கூடுகிறது. திருமயம் வழியாகக் காரைக்குடிக்கு வேகமாகப் போகிறவர் சறுக்கி விழுந்தால், சாதாரண ஜீன்ஸ் தார்ச்சாலையில் நொடியில் கிழிந்துவிடும். எந்தக் கம்பெனி உடையானாலும் உள்பக்கம் திருப்பி, முழங்காலில் பேட் செருகப் பை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வண்டியின் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.