கலக்கிய கை

ஒரு குடியை முதலில் கலக்கியது யார் என்று அமெரிக்காவில் இரண்டு முதலாளிகள் சண்டை போட்டால் நமக்கென்ன? நமக்குத்தான் அதில் வேலை இருக்கிறது. ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லுக்குள் யார் யாரைப் போட்டு மூடுகிறார்கள் என்பதற்கு மை தை என்கிற ரம் கலவை நல்ல சாட்சி.

செய்முறை எளிது. 60 மில்லி பழைய ஜமைக்கா ரம், ஆரஞ்சுத் தோலில் செய்த குராசோ மது 15 மில்லி, பாதாம் சர்பத் 15 மில்லி, அதில் பாதி கற்கண்டுப் பாகு, ஒரு பச்சை எலுமிச்சையின் சாறு. நொறுக்கிய ஐஸோடு குலுக்கி ஊற்றி, பிழிந்த மூடியையும் புதினாக் கொத்தையும் மேலே வைத்தால் முடிந்தது.

இது 1944-ல் ஓக்லாண்டில் தன் கையால் பிறந்தது என்றார் ‘ட்ரேடர் விக்’ எனப்பட்ட விக்டர் பெர்ஜெரான். தாஹித்தித் தீவிலிருந்து வந்த நண்பர்கள் குடித்துவிட்டுத் தீவின் மொழியில் ‘பிரமாதம்’ என்றார்களாம், அதுவே பெயராயிற்று. பெயர் தாஹித்தியுடையது, குவளைக்குள் தாஹித்திப் பொருள் ஒன்றுமில்லை. ஹாலிவுட்டில் மதுக்கடை நடத்திய டான் பீச் தரப்போ, 1933-லேயே நாங்கள் மை தை ஊற்றினோம் என்றது. விக், டானின் கடையைப் பார்த்த பிறகுதான் தன் கடையைத் தென்கடல் தீவு மாதிரி மாற்றினார் என்பதும் உண்மை.

இரண்டு பேரும் முதலாளிகள். மூன்றாவதாக ஒருத்தன் பெயர் ஏன் வழக்கிலேயே இல்லை?

டானின் கடையில் குலுக்கியவர்கள், பரிமாறியவர்கள் பலர் பிலிப்பைன்ஸ்காரர்கள். 1934-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, ஆண்டுக்கு 50 பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு மேல் குடியேறக்கூடாது என்றது. அந்தக் காலத்தில்தான் இவர்கள் கை அங்கே உழைத்தது. டான் தன் சாறுகளையும் பாகுகளையும் எண்ணும் சங்கேதப் பெயரும் எழுதிய புட்டிகளில் வைத்திருந்தார். எந்தப் புட்டியில் எத்தனை அளவு என்பது ஊழியனுக்குத் தெரியலாம். உள்ளே என்ன என்பது தெரியக்கூடாது. கை வேணும், அறிவு வேணாம். இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் நடந்தது என்ன? அதே கடையின் இன்னொரு புகழ்பெற்ற கலவையான ஜாம்பியின் பழைய செய்முறை, அங்கே வேலை பார்த்த டிக் சான்டியாகோவின் குறிப்பேட்டிலிருந்துதான் மீண்டது. அதை வைத்து ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளர் 2007-ல் நூலில் வெளியிட்டார். முதலாளி பூட்டி வைத்ததை ஊழியரின் நோட்டு காப்பாற்றியது.

இன்னும் கீழே போவோம். ரம் கரும்பிலிருந்து வருகிறது. 17-ஆம் நூற்றாண்டில் பார்படோஸில் சர்க்கரைக் கழிவுப் பாகைக் காய்ச்சி ரம் வடித்தது அடிமைகளின் உழைப்பு. விக் குவளை நிரப்புவதற்கு ஆறே வருஷம் முன்னால், 1938-ல், ஜமைக்காவின் ஃப்ரோம் தோட்டத்தில் கூலி கேட்டுத் திரண்ட சர்க்கரைத் தொழிலாளர்களில் 4 பேரை போலீஸ் கொன்றது. ஜமைக்காவின் பழைய சரக்கு தீர்ந்தபோது விக் மர்த்தினிக் தீவின் ரம்மையும் சேர்த்தார். அந்தத் தீவில், அடிமைமுறை 1848-ல் ஒழிந்ததும், கரும்பு வெட்ட 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். சுமார் 25,000 பேர். அவர்களில் நம் சேரிச் சனங்களும் உண்டு.

“அதுக்காக, கரும்பு வெட்டினவன்தான் மை தையைக் கண்டுபிடிச்சான்னு சொல்வீங்களா?” என்று கேட்கலாம். சொல்ல மாட்டேன். எதை எதோடு எந்த அளவில் சேர்ப்பது என்பது திறமை. விக்கின் நாக்குக்கு உரியதை அவருக்கே கொடுப்போம். பல கைகள் தொட்ட ஒன்றுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கவேண்டும் என்பது யார் போட்ட விதி? அது பட்டா எழுதுகிறவன் போட்ட விதி. நிலத்தை உழுதவன் பெயர் பட்டாவில் இல்லாததும், குலுக்கியவன் பெயர் இந்தச் சண்டையில் இல்லாததும் ஒரே கணக்குதான்.

தோழர்களே, இதில் நமக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. பறையோ, சமையலோ, மருத்துவமோ, நம்மிடமிருந்து பிடுங்கியதைத் திரும்பக் கேட்கும்போது, ‘நாங்கதான் முதல்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறோம். அந்த வரி இன்னொரு பட்டாவாகிவிடும். அதன் அடியில் நம் பெண்களின் கை, நமக்கும் கீழே தள்ளப்பட்டவரின் கை மறுபடி காணாமல் போகும். முதல் யார் என்று கேட்பதோடு நிற்காமல், யார் யார் என்றும் கேட்போம். பதில் நீளமாக வரும். வரட்டும்.